பதின்மூன்று பாட்டு, நான்கு நட்சத்திரம்

(நம் மொட்டை மாடியில் மூன்றாம் சனிக்கிழமைதோறும் நடக்கும் 'பாட்டு கேட்கலாம் வாங்க' கூட்டத்தில், சென்ற மாதம் ஏ பிளாக்கைச் சேர்ந்த நம் முன்னாள் பொருளாளர் பேசியது. வர முடியாதவர்களுக்காக அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. முப்பத்தேழு வருஷம் வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "டோக்கன் நம்பர் சொல்லுங்க", "கையெழுத்து ஒத்துப்போகலை, இன்னொரு தடவை போடுங்க" என்று பேசியே காலம் போய்விட்டது. அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கணக்கு என்றால் எனக்குக் கை நடுங்காது.

ஜனவரி மாதக் கூட்டத்துக்கு நாம் வைத்த தலைப்பு 'விண்வெளி, நட்சத்திரம் பற்றிய பாட்டு'. விதி உங்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் இரண்டு நிமிஷம் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. இந்த மூன்றாவது விதியை இதுவரை யாரும் கடைப்பிடித்ததில்லை. வந்தவர்கள் 14 பேர். 'இளைய நிலா' பாட்டை இரண்டு பேர் கொண்டுவந்துவிட்டதால் பாட்டு 13. அதில் நிலாப் பாட்டு 10. மீதி மூன்று. இவை தவிர, எல்.கே.ஜி. படிக்கும் குழந்தை ஒன்று தானாகவே எழுந்து நின்று 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடியது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பாடி முடித்ததும் அந்தக் குழந்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஸ்டார் எங்கம்மா?" என்று கேட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்றால், பத்தாவது நிலாப் பாட்டு முடிந்ததும் டி பிளாக்கில் பதினோராம் வகுப்பு படிக்கும் பெண் எழுந்தாள். "அங்கிள், தலைப்பு விண்வெளின்னு போட்டீங்க. பத்துப் பாட்டு வந்திருச்சு. பத்துலயும் நிலா ஒரு பொண்ணு, இல்லன்னா பொண்ணோட முகம், இல்லன்னா தூது போற ஆள். விண்வெளி எங்க இருக்கு?" என்றாள்.

பி பிளாக்கில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற நம் சார் இருக்கிறாரே, அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கொண்டுவந்த பாட்டு 'வான் நிலா நிலா அல்ல'. 1977-இல் வந்த 'பட்டினப்பிரவேசம்' படத்தில் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் இசையமைத்து, எஸ்.பி.பி. பாடியது. வரிக்கு வரி 'லா' என்றே முடியும். "இப்படி ஒரு பாட்டு இந்தக் காலத்துல எவனாவது எழுதுவானா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரிக்காமலே, "பாட்டே சொல்லுதே அங்கிள், அது நிலா அல்லன்னு" என்றாள். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. சாரும் சிரித்துவிட்டார், ஆனால் ஐந்து நிமிஷம் கழித்து.

அன்றைக்கு நான் சார் பக்கம்தான் பேசினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் யோசித்தேன். ஆடிட்டர் ஒரு ஆட்சேபணை எழுப்பினால் முதலில் நமக்குக் கோபம் வரும். இரவில் லெட்ஜரைத் திரும்பப் பார்க்கும்போது, அந்த ஆள் சொன்னது சரிதான் என்று தெரியும். எனக்கு அன்று அப்படித்தான் ஆயிற்று. அதைத்தான் இன்று பேச வந்தேன்.

நான் கொண்டுவந்த பாட்டு 'ஆயிரம் நிலவே வா'. 'அடிமைப் பெண்' படம் 1969 மே மாதம் வெளிவந்தது. புலமைப்பித்தன் எழுதியது, கே.வி. மகாதேவன் இசை, எஸ்.பி.பி.யும் சுசீலாவும் பாடியது. அப்போது எனக்கு ஒன்பது வயது. தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன ஊர். தெருமுனை டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வராத நாள் இல்லை. அந்த வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு வாரக் கடைசியை நான் மறக்க மாட்டேன். 19-ஆம் தேதி சனிக்கிழமை, 14 தனியார் வங்கிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 21-ஆம் தேதி திங்கட்கிழமை, நம் நேரப்படி காலை 8.26 மணிக்கு, ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தார். எங்கள் சித்தப்பா அந்த 14 வங்கிகளில் ஒன்றில் குமாஸ்தா. அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேங்க் கவர்ன்மென்ட் ஆகிவிட்டதைப் பற்றி மட்டுமே மூச்சு விடாமல் பேசினார். நிலாவைப் பற்றி என் பாட்டி கேட்டதற்கு, "அது கிடக்கட்டும்மா" என்றார். நான் பிற்பாடு வங்கி வேலைக்குப் போனதற்கு அந்தத் திண்ணைதான் காரணமாக இருக்க வேண்டும்.

சொல்ல வந்தது வேறு. அந்த வாரம் முழுக்க, மனிதன் நிலாவில் இறங்கிய செய்தியும், நிலாவை இங்கே வரச் சொல்லிக் கூப்பிடும் பாட்டும் ஒரே ரேடியோவில் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்த முதல் நிலாப் பாட்டே, சோறு ஊட்டும்போது அம்மா பாடும் 'நிலா நிலா ஓடி வா'தானே? நம் பாட்டுகளில் நிலாதான் கீழே வரும். நாம் மேலே போவதில்லை. 1969-க்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான். அன்று போட்ட பத்துப் பாட்டையும் மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண் சொன்னது சரி. பத்திலும் ஆள் தரையில்தான் நிற்கிறார்.

பி பிளாக் சார் ஒரு விதிவிலக்கைச் சொன்னார், அதையும் பதிவு செய்துவிடுகிறேன். 1963-இல் வந்த எம்.ஜி.ஆர். படம் 'கலை அரசி'. அதில் வேறு கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எதற்கு? அவர்கள் ஊரில் எல்லா விஞ்ஞானமும் இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை. பானுமதி வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். விண்வெளிக்கு நாம் ஏற்றுமதி செய்ய வேண்டிய சரக்கு பாட்டு என்று நம்மவர்கள் 1963-லேயே முடிவு செய்திருக்கிறார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மீதி மூன்று பாட்டில் ஒன்றை ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இ பிளாக் தம்பி கொண்டுவந்தார். 'ஸ்பேஸ் ஆடிட்டி' என்று பெயர். டேவிட் போவி என்ற இங்கிலாந்துப் பாடகர் பாடியது. அதுவும் அதே 1969 ஜூலைதான். 11-ஆம் தேதி வெளிவந்தது, அப்போலோ கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால். டாம் என்ற ஒரு மேஜர் விண்கலத்தில் போகிறார். வெளியே வந்து மிதக்கிறார். கீழே இருப்பவர்களோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. திரும்பி வந்தாரா இல்லையா என்று பாட்டில் இல்லை. அந்த ஊர் பி.பி.சி. ரேடியோ, அப்போலோ ஆட்கள் பத்திரமாக வந்து சேரும்வரை அந்தப் பாட்டைப் போடாமல் இருந்ததாம். நியாயம்தானே? நம் வீட்டில் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு தும்மல் போட்டாலே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வோம்.

ஆனால் தம்பி போட்டது போவியின் குரல் அல்ல. கிறிஸ் ஹாட்ஃபீல்ட் என்ற கனடா நாட்டு விண்வெளி வீரர், 2013-இல் உண்மையாகவே விண்வெளி நிலையத்துக்குள் கிடாரை வைத்துக்கொண்டு மிதந்தபடி பாடியது. அவர் பாட்டின் முடிவை மாற்றிவிட்டார். அவர் பாடும் மேஜர் பத்திரமாகத் தரை இறங்குகிறார். மூலப் பாட்டின் அழகே கெட்டுவிட்டது என்று சி பிளாக்கில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போவி பாடியது அறைக்குள் உட்கார்ந்து. ஹாட்ஃபீல்ட் பாடும்போது அவர் வீட்டில் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அதைக் கேட்பார்கள். இன்னும் ஓரிரு நாளில் அந்தச் சின்னக் கலத்தில் ஏறி அவர் கீழே இறங்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவர் வேறு எப்படிப் பாடுவார்?

அடுத்தது அந்தப் பெண் கொண்டுவந்த பாட்டு. 'ராக்கெட் மேன்', 1972. பாடியவர் எல்டன் ஜான், எழுதியவர் பெர்னி டாப்பின். ரே பிராட்பரி என்பவர் அதே பெயரில் எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து பிறந்தது என்று அவள் சொன்னாள். இந்தப் பாட்டில் வருகிற ராக்கெட்காரர் வீரர் இல்லை. வேலைக்குப் போகிறவர். மனைவி பெட்டியைக் கட்டிக் கொடுக்கிறாள். இவர் போகிறார். வாரத்தில் ஐந்து நாள் வேலை. (வங்கி ஊழியர்கள் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஐந்து நாள் வாரத்தை விண்வெளியில் 1972-லேயே கொடுத்துவிட்டார்கள்.) அந்த விஞ்ஞானமெல்லாம் தனக்குப் புரியவில்லை என்கிறார். வீட்டு நினைவாகவே இருக்கிறார்.

பாட்டு முடிந்ததும் நாங்கள் பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஆரம்பித்தோம். "இதுல மட்டும் விண்வெளி எங்கம்மா இருக்கு? இதுவும் ஒரு ஆள் வீட்டை நினைச்சு அழற பாட்டுதானே?" என்று நானே கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "எங்க அப்பா கப்பல்ல போறாங்க அங்கிள். ஆறு மாசம், ஏழு மாசம். எனக்கு இது அப்பா பாட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு நிமிஷ விதியும் வேண்டியிருக்கவில்லை, எந்த விதியும் வேண்டியிருக்கவில்லை. ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானம் ஒன்று போயிற்று. யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

நான் அவளிடம் கேட்ட கேள்வி தப்பு. அதற்காக இங்கே எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அது மட்டுமில்லை. அந்தப் பாட்டு எனக்கும் ஒன்றைக் கிளறிவிட்டுவிட்டது.

1994-இல் நான் ஆபீசர் பதவி உயர்வுத் தேர்வில் பாஸ் செய்தேன். என்னோடு ஒரே கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த நண்பனும் பாஸ் செய்தான். இருவருக்கும் வடக்கே போஸ்டிங். அவன் போனான். நான் எழுதிக் கொடுத்துவிட்டுக் குமாஸ்தாவாகவே இருந்துவிட்டேன். கடைசிவரை குமாஸ்தாதான். கேட்டவர்களிடமெல்லாம் "அம்மாவுக்கு உடம்பு முடியலை" என்று சொன்னேன். இந்தக் குடியிருப்பிலும் பலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், 1994-இல் என் அம்மா தினமும் கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்து போய் நடந்து வந்துகொண்டிருந்தாள். முடியாமல் போனது பத்து வருஷம் கழித்து. எனக்குப் பயம். இந்தி தெரியாது, தனியாகச் சமைக்கத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே என்ன செய்வேன் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். அவ்வளவுதான் காரணம்.

நண்பன் பீகாரில் நான்கு வருஷம் இருந்தான். இரவில் கட்டணம் குறையும் என்று எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசுவான். பேசும்போது கண் முழுக்கச் சிவப்பு நிறத்தில் ஓடும் மீட்டர் மேலேயே இருக்கும் என்று சொல்லியிருக்கிறான். முதல் தீபாவளிக்கு வந்தபோது அவன் சின்ன மகன் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். 'ராக்கெட் மேன்' கேட்டபோது எனக்கு அந்த மீட்டர்தான் ஞாபகம் வந்தது. அவன் பெரிய பதவியில் ஓய்வு பெற்றான். இப்போதும் பேசிக்கொள்கிறோம். அவன் போனதற்காக நான் பரிதாபப்பட்டிருக்கிறேன், நான் போகாததற்காக அவன் என்னை ஒருநாளும் கேலி செய்ததில்லை.

இதைச் சொல்லப் போகிறேன் என்று இன்று காலை என் மனைவியிடம் சொன்னேன். "இது எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு மோர்க்குழம்பைக் கிளறப் போய்விட்டாள். முப்பது வருஷ ரகசியத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஆக, ஆட்சேபணையில் பாதி சரி, பாதி தள்ளுபடி. நம் பாட்டில் ஆள் கீழே நின்று மேலே பார்க்கிறார். அவர்கள் பாட்டில் ஆள் மேலே மிதந்துகொண்டு கீழே பார்க்கிறார். இரண்டிலும் நடுவில் இருக்கிற தூரம் ஒன்றுதான். அந்தத் தூரத்துக்குத்தான் விண்வெளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பி பிளாக் சார் இதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "நிலா தூது போகும்யா, ராக்கெட் தூது போகுமா?" என்கிறார்.

மூன்றாவது பாட்டுக்கு வருகிறேன். சி பிளாக்கில் மராத்தி பேசும் அம்மா ஒருவர் இருக்கிறார்கள். அவர்கள் போட்டது கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி. மூன்றரை நிமிஷம். இது என்ன, கச்சேரிப் பாட்டு அல்லவா, தலைப்புக்குச் சம்பந்தம் இல்லையே என்று எல்லோரும் விழித்தோம். அந்த அம்மா சொன்னார்கள்: "நீங்க போட்டதெல்லாம் விண்வெளியைப் பத்தின பாட்டு. இது ஒண்ணுதான் விண்வெளிக்குப் போன பாட்டு."

1977-இல் அமெரிக்கா வாயேஜர் என்று இரண்டு விண்கலங்களை அனுப்பியது. ஒவ்வொன்றிலும் தங்க முலாம் பூசிய ஒரு செப்பு இசைத்தட்டு. வேறு யாராவது எப்போதாவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று, உலகம் முழுவதிலுமிருந்து 27 இசைத் துண்டுகள், சுமார் 90 நிமிஷம். கார்ல் சேகன் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு பொறுக்கியெடுத்தது. இந்தியாவிலிருந்து போனது கேசர்பாய் பாட்டு ஒன்றுதான். கோவாவில் கேரி என்ற ஊரில் 1892-இல் பிறந்தவர். வாயேஜர் ஒன்று கிளம்பியது 1977 செப்டம்பர் 5. கேசர்பாய் காலமானது அதே செப்டம்பர் 16. பதினோரு நாள். அந்தப் பாட்டின் தொடக்கத்துக்கு அர்த்தம் என்னவென்றால், 'பெண்ணே, தனியாக எங்கே போகிறாய்' என்பதுதான். அந்த அம்மா இதைச் சொன்னபோது, மேலே போய்க்கொண்டிருக்கிற அந்தக் கலத்திடமே யாரோ கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. இப்போது அது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சிக்னல் இங்கே வந்து சேர கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகிறது. 'கலை அரசி'யில் பானுமதியைக் கொண்டுபோனார்கள், இவர்கள் கேசர்பாயைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் ஒருநாள், நாங்கள் ஐந்தாறு பேர் அந்தத் தட்டில் இருப்பதையெல்லாம் இ பிளாக் தம்பியின் லேப்டாப்பில் கேட்டோம். பாட்டு தவிர, 55 மொழிகளில் வணக்கம் சொல்கிறார்கள். இந்தி, வங்காளம், குஜராத்தி, மராத்தி எல்லாம் வந்தது. தெலுங்கு வந்தது. கன்னடம் வந்தது. சிங்களம்கூட வந்தது. நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தமிழ் வரவில்லை. தட்டிலேயே இல்லை. பி பிளாக் சார் அன்று பேசியதை அப்படியே எழுதினால் ஆசிரியர் குழு வெட்டிவிடும். அந்த நேரத்தில் நம் வாட்ச்மேன், தண்ணீர்த் தொட்டி மோட்டாரை நிறுத்த மேலே வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். லேப்டாப்பில் ஒடியா வந்துகொண்டிருந்தது. அவர் ஊர் ஒடிசா. "இது எங்க பாஷை சார்" என்றார். எங்கே போகிறது என்று கேட்டார். தம்பி சொன்னார். மறுபடி ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனார். எங்களுக்கு இருந்த வருத்தத்தில் பாதி அத்தோடு போயிற்று. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

அந்தத் தட்டில் கடைசிக்கு முந்தைய பாட்டு பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகருடையது. 1927-இல் பதிவானது. கண் தெரியாதவர், தெருவில் பாடிப் பிழைத்தவர். அதில் வார்த்தையே கிடையாது. கிடாரை இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டு, வாய்க்குள் முனகுகிறார். இருட்டிவிட்டது, படுக்க இடமில்லை என்கிற ஒருவனின் நிலைமை அது என்று சேகன் எழுதியிருக்கிறாராம். யாரும் கருத்துச் சொல்லவில்லை. வாட்ச்மேன் மாடிப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த எல்.கே.ஜி. குழந்தை கேட்ட கேள்வி. "ஸ்டார் எங்கம்மா?"

ஜனவரிக் கூட்டத்தில் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். தெரிந்தது நான்கு. அதில் ஒன்று வியாழன் கிரகம் என்று டி பிளாக் பெண் திருத்தினாள். ஆக மூன்று. வானத்தில் மேகம் இல்லை. காரணம் நம் தலைக்கு மேலே இருக்கும் நான்கு ஃப்ளட் லைட். போன வருஷம் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டிலிருந்து செப்புக் குழாயை யாரோ அறுத்துக்கொண்டு போனதும் அவசர அவசரமாகப் போட்டோம். பில்லில் கையெழுத்துப் போட்ட பொருளாளர் நான்தான். அதனால் இதில் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் 100 வாட். ராத்திரிக்குப் பன்னிரண்டு மணி நேரம். நாளுக்கு 4.8 யூனிட், மாதத்துக்கு 144 யூனிட். அதில் பாதி வெளிச்சம் மேலே வானத்துக்குப் போகிறது, ஏனென்றால் விளக்கின் தலையைக் கீழே திருப்பாமல் பக்கவாட்டில் முடுக்கிவிட்டார்கள். வாட்ச்மேனிடம் கேட்டேன். "கண்ல அடிக்குது சார், பாரபெட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் நின்னாலும் தெரியாது" என்றார். டி பிளாக் மேல்மாடிக்காரர்கள் ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் பிறகு ஒருநாள் லிஃப்ட்டில் பேசினேன். கப்பலில் ராத்திரியில் பிரிட்ஜ் அறையை இருட்டாகவே வைத்திருப்பார்களாம், வெளியே கடல் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. வாட்ச் முடித்து வந்ததும் அப்பா போனில், இன்றைக்கு இது தெரிந்தது, அது தெரிந்தது என்று சொல்வாராம். கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு எண்ணினேன், நீ எத்தனை எண்ணினாய் என்று கேட்பாராம். இவள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "ஆறுதான்ப்பா" என்று சொல்லிவிடுவாளாம். "ஒண்ணுகூடத் தெரியலைன்னு சொன்னா அப்பா வருத்தப்படுவாங்க அங்கிள்" என்றாள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது மொட்டை மாடியில்தான் படுக்கை. என் பாட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. கார்த்திகை உச்சிக்கு வந்துவிட்டது, விடிவெள்ளி முளைத்துவிட்டது என்று அவள் சொல்கிற நேரமும் சித்தப்பாவின் கைக்கடிகாரமும் கால் மணிக்கு மேல் வித்தியாசப்பட்டதில்லை. எனக்கு அவள் காட்டிக் கொடுத்த அந்த ஆறு நட்சத்திரத்தை, நான் கையெழுத்துப் போட்ட விளக்கு அந்தப் பெண்ணிடமிருந்து மறைத்துவிட்டது. இது எந்த லெட்ஜரிலும் வராது. ஆனாலும் என் கையெழுத்து என் கையெழுத்துதான்.

செயலாளரிடம் பேசிவிட்டேன். பாதுகாப்பு பற்றி அவர் கவலைப்படுவது நியாயமானது. திருட்டு நடந்தது உண்மை. அதனால் நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, நான்கு விளக்குக்கும் தலையைக் கீழ்நோக்கித் திருப்பி, மேலே ஒரு தகர மூடி போட வேண்டும். எலக்ட்ரீஷியன் அரை நாள் வேலை என்கிறார். அதற்கான செலவை நான் கொடுத்துவிடுகிறேன், சங்கக் கணக்கில் எழுத வேண்டாம். இரண்டு, மூன்றாம் சனிக்கிழமை மட்டும் இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை விளக்கை அணைத்துவைக்க அனுமதி. அந்த ஒன்றரை மணி நேரமும் நாம் இருபது பேர் இங்கேயே உட்கார்ந்திருப்போம். திருடன் வந்தால் பி பிளாக் சார் கண்ணதாசனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், அவன் தப்பித்துப் போக முடியாது.

ஏப்ரல் பொதுக்குழுவில் இது தீர்மானமாக வருகிறது. எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் காரணத்தை என்னிடமே நேரில் சொல்லலாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏ பிளாக் வாசல் பெஞ்சில்தான் இருப்பேன். மார்ச் மாதக் கூட்டத்துக்கு மட்டும் பரீட்சார்த்தமாக அணைத்துப் பார்க்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஸ்விட்ச் இருக்கும் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. அன்று தலைப்பு எதுவும் இல்லை, பிடித்த பாட்டைக் கொண்டுவாருங்கள். நாற்காலி வேண்டாம், கழுத்து வலிக்கும். பாய் கொண்டுவாருங்கள். கார்த்திகை அந்த நேரத்தில் மேற்குப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு வலது கைப்புறம் இருக்கும். அந்தப் பெண்ணின் அப்பா அன்று எட்டரை மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறாராம், சிக்னல் கிடைத்தால்.